ஏற்காடு ஏறினால் கூலன்ட் டப்பா பொங்குகிறது, முள் மட்டும் நடுவிலேயே நிற்கிறது. ஹெட் கேஸ்கெட்தானா?

ஐந்துரோட்டுக்காரன்:
2003 மாடல் சின்ன பெட்ரோல் கார், அப்பா வாங்கியது, 1,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சேலத்துக்குள் எத்தனை சிக்னலில் நின்றாலும் தொல்லை கிடையாது, ஏற்காடு போனால்தான் வம்பு. அடிவாரத்தில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏரிப் பக்கம் நிறுத்தி அணைத்தால், ஐந்து நிமிடத்தில் பானட்டுக்குள் குபுகுபுவென்று சத்தம், கூலன்ட் டப்பா மூடி வழியாகப் பச்சைத் தண்ணீர் வழிந்து முன்சக்கரத்துப் பக்கம் தேங்கி நிற்கிறது. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதே இல்லை. மறுநாள் காலையில் வீட்டில் பார்த்தால் டப்பா மேக்ஸ் கோட்டுக்கு மேலேயே நிற்கிறது, ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் கண்ணில் படவில்லை, முக்கால் லிட்டர் குடித்தது. மூடி புதுசு போட்டுப் பார்த்தாச்சு, அதே கதைதான். மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும், லேத்துக்கு அனுப்ப வேண்டும், பதினைந்தாயிரம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பழையஇரும்பு:
கேஸ்கெட்டேதான். எனக்கும் இப்படித்தான் டப்பா பொங்கியது, அசால்ட்டாக விட்டு கடைசியில் ஹெட்டே வளைந்துவிட்டது. யோசிக்காமல் கழற்றுங்கள்.

ஸ்பேனர்12:
அண்ணா, கொஞ்சம் பொறுங்கள், ஹெட் எங்கேயும் ஓடிவிடாது. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது, டப்பா நிறைந்திருக்கிறது, ரேடியேட்டர் காலி. அதாவது தண்ணீர் வெளியே போகிறது, திரும்பி வரவில்லை. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வு உண்டு. சூட்டில் அழுத்தம் மூடிமேல் எழுதியிருக்கும் அளவைத் தாண்டினால் (உங்கள் வண்டிக்கு அநேகமாக 0.9 இருக்கும்) பெரிய வால்வு திறந்து டப்பாவுக்குத் தள்ளும். இஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, நடுவில் இருக்கும் சின்ன வால்வு வழியாக அதே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் வண்டியில் இந்த உறிஞ்சல்தான் நடக்கவில்லை.

நாளைக் காலை இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, மூடியைத் திறப்பதற்கு முன்னால் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பாருங்கள். சப்பையாக உள்ளே ஒட்டியிருந்தால் சின்ன வால்வு அடைத்திருக்கிறது, புது மூடியும் தப்பு என்று அர்த்தம். ஹோஸ் உருண்டையாகவே இருந்தால் வழியில் எங்கேயோ காற்றை இழுக்கிறது. அப்புறம் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, திறந்தபடியே ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் நாலு குமிழ் வந்து நின்றுவிட்டால் அது உள்ளே மாட்டிய காற்று, கவலை இல்லை. நிற்காமல் சோடா மாதிரி வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது, அப்போது பழையஇரும்பு சொன்னதுதான் சரி. ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள், மூஞ்சியில் அடிக்கும்.

முள்ளை ரொம்ப நம்பாதீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் வெறும் ஆவி நின்றால் முள் பேசாமல் நடுவிலேயே நிற்கும், இஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

காபிக்காடு:
வாரத்தில் நாலு நாள் இறங்கி ஏறுகிறவன் என்ற முறையில் ஒன்று. மேலே சுமார் 1500 மீட்டர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியும் ஹோஸும் சரியாக அழுத்தம் பிடிக்காத வண்டி சேலத்தில் சமாளிக்கும், இங்கே மாட்டிக்கொள்ளும். வந்ததும் டக்கென்று அணைக்கிறீர்களே, அதுவும் ஒரு காரணம். இரண்டாவது கியரில் அவ்வளவு தூரம் ஏறிய இஞ்சினில் பம்பும் நின்றால் சூடு இன்னும் கூடும், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். காலி ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்? போர் தண்ணீர் என்றால் பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை உப்புதான் உள்ளேயும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி.

ஐந்துரோட்டுக்காரன்:
போர் தண்ணீர்தான், திட்டாதீர்கள். காலையில் பார்த்தேன். ஹோஸ் உருண்டையாகவே இருந்தது. குமிழ் ஏழெட்டு வந்து நின்றுவிட்டது, பத்து நிமிடம் விட்டும் வரவில்லை. ஆயில் மூடி சுத்தம். ரேடியேட்டர் கழுத்திலிருந்து டப்பாவுக்குப் போகிற சின்ன ரப்பர் குழாயை ஊதிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. இனி எங்கே தேடுவது?

ஸ்பேனர்12:
டப்பா மூடியைக் கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். மூடிக்கு அடியில் டப்பாவின் அடி வரைக்கும் ஒரு குழாய் தொங்க வேண்டும். தொங்குகிறதா?

ஐந்துரோட்டுக்காரன்:
தொங்கவில்லை! டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் பழுப்புச் சேற்றுக்குள் கட்டை விரல் தடிமனுக்குச் சுருண்டு கிடக்கிறது, கையில் எடுத்ததும் முறுக்கு மாதிரி இரண்டாக உடைந்தது. மூடியில் ஒரு இஞ்ச் துண்டுதான் மிச்சம். அதாவது இத்தனை நாளும் ரேடியேட்டர் டப்பாவுக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ஆறும்போது மேலிருந்து வெறும் காற்றைத்தான் குடித்திருக்கிறது. கடையில் அதே சைஸில் சூடு தாங்குகிற ரப்பர் குழாய் ஒரு அடி வாங்கி, முனையைச் சாய்வாக வெட்டி மாட்டிவிட்டேன், நாற்பது ரூபாய்.

காபிக்காடு:
சாய்வாக வெட்டியது நல்லது, இல்லாவிட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். பழைய தண்ணீரை மொத்தமாக வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றியபின் ஏறுங்கள். டப்பாவில் மினிமத்துக்குக் கொஞ்சம் மேலே போதும், மேக்ஸைத் தாண்டி ஊற்றினால் விரியும்போது மறுபடி வழியும்.

ஐந்துரோட்டுக்காரன்:
ஞாயிறு போய் வந்தேன். ஏரிப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றது, தரை காய்ந்தே இருந்தது. ஏறியதும் டப்பாவில் இரண்டு விரல்கடை ஏறியிருந்த தண்ணீர், திங்கள் காலை பழைய கோட்டுக்கே இறங்கியிருந்தது. ரேடியேட்டர் கழுத்துவரை நிறைவு. மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை.

பழையஇரும்பு:
அப்போ என் வண்டியிலும் அந்தக் குழாய்தானோ, ஹெட்டை வீணாகக் கழற்றினேனோ?

ஸ்பேனர்12:
உங்களுக்கு ஹெட் வளைந்திருந்தது அண்ணா, கழற்றியது சரிதான். அது முதலில் ஏன் சூடாகி வளைந்தது என்பது வேறு விஷயம், டப்பாவைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.