தட்டும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்கவில்லை: பேரிங் மாற்றிய அனுபவங்கள்

சேலத்துக்காரன் (பர்மிங்காம்):

பழைய பிஎம்டபிள்யூ எம்3 வாங்க அலைகிற இரண்டு நண்பர்கள் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் பேரிங்கை மாத்தணும்?" ஆளுக்கொரு தடவை போனில் விளக்குவதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இந்த வேலையைச் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே போடுங்கள்.

என்னுடையது 2009 பிஎம்டபிள்யூ எம்3, இ92 கூப்பே, ஆறு கியர் மேனுவல். போன வருஷம் வாங்கும்போது 71,000 மைல் ஓடியிருந்தது. உள்ளே இருப்பது எஸ்65 என்ற நாலு லிட்டர் வி8. 420 குதிரைத்திறன், 8,400 ஆர்பிஎம் வரை சுற்றும். இந்த என்ஜினைப் பற்றி எங்கே விசாரித்தாலும் முதலில் காதில் விழுவது ராட் பேரிங் பேச்சுதான். இதற்கு அண்ணன் முறையான எம்5-இன் வி10க்கும் அதே பேச்சு உண்டு. இதற்கு முந்தைய தலைமுறையான இ46 எம்3-இல் இருந்த ஆறு சிலிண்டர் எஸ்54க்கு, ஆரம்ப வருஷ வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துப் பேரிங் மாற்றிக் கொடுத்தது.

பேரிங் என்றதும் சைக்கிள் பால்ரஸ் குண்டுதான் நினைவுக்கு வரும். ராட் பேரிங்கில் குண்டே கிடையாது. பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராட், அந்தக் கிராங்கைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில், அரைவட்டமாக வளைந்த மெல்லிய தகடுகள் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். ஷெல் என்பார்கள். எட்டு சிலிண்டருக்கு 16 ஷெல். முதுகில் எஃகு, அதன் மேல் செம்பும் ஈயமும் கலந்த ஒரு அடுக்கு, அதற்கும் மேல் தலைமுடியைவிட மெல்லிய மென்மையான பூச்சு. ஓடும்போது ஷெல்லும் கிராங்கும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் இருக்கிற ஆயில் படலம்தான் முழுச் சுமையையும் தாங்குகிறது.

எஸ்65-இல் அந்த இடைவெளி மிகவும் இறுக்கம். ஊற்றுவதோ 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில். குளிர்காலக் காலையில் அது கிட்டத்தட்ட விளக்கெண்ணெய் மாதிரி நகரும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் படலம் கிழிந்து உலோகத்தை உலோகம் தொடும். அதனால்தான் இந்த வண்டியின் ஆர்பிஎம் மீட்டரில், ஆயில் சூடாகச் சூடாக எச்சரிக்கைக் கோடு மேலே நகரும்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அந்தக் கோட்டை மதித்தாரா என்று எந்த சர்வீஸ் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

முதலில் போன கராஜில், "சத்தம் வந்தா பாத்துக்கலாம் சார்" என்கிற தோரணையில் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. அப்பா சங்ககிரியில் லாரி வைத்திருந்தார். பட்டறையில் மெக்கானிக் அண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். "பிக் எண்டு தட்டுது", அதாவது ராடின் கிராங்க் பக்கத்து முனை தட்டுது, என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்து கிராங்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்புவதுதான். சத்தம் வரும் நேரத்தில் பேரிங் மட்டும் போவதில்லை, கிராங்கிலும் கோடு விழுந்திருக்கும். லாரிக்கு கிராங்கை அரைத்து, அதற்கேற்ற தடிமனான சைஸ் ஷெல் போட்டு மறுபடி ஓட்டலாம். 8,000 ஆர்பிஎம் சுற்றுகிற இந்த என்ஜினில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. வேறு என்ஜின்தான் தேட வேண்டும்.

இந்த வேலையை வாராவாரம் செய்கிற ஒரு சிறிய பட்டறையைக் கண்டுபிடித்தேன். என்ஜினை இறக்க வேண்டியதில்லை. மேலே குறுக்குச் சட்டம் போட்டு என்ஜினைத் தொங்கவிட்டு, அடியில் இருக்கிற முன் சட்டத்தை (சப்ஃபிரேம்) இறக்கி, ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால் கீழிருந்தே எல்லா ராடையும் எட்டலாம். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜையில் துணி விரித்து, 16 ஷெல்களையும் சிலிண்டர் வரிசைப்படி, மேல் வரிசை கீழ் வரிசை என்று அடுக்கி வைத்திருந்தார் மெக்கானிக்.

கீழ் ஷெல்கள் பெரும்பாலும் மங்கின சாம்பல் நிறம். நன்றாகவே இருந்தன. மேல் ஷெல்களில் நடுப்பகுதி தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. ஆறாம் நம்பர் மேல் ஷெல்லைக் கையில் எடுத்தேன். நடுவில் கட்டைவிரல் நக அளவுக்குப் பூச்சு போய், புதுக் குத்துவிளக்கைத் துலக்கினது போலச் செம்பு தெரிந்தது. முந்தின நாள் காலைகூட வண்டி ஒரு சின்னச் சத்தம் இல்லாமல் ஓடித்தான் பட்டறைக்கு வந்தது. மெக்கானிக் என்னை வண்டிக்கு அடியில் கூப்பிட்டு, "நகத்தால கிராங்கைத் தடவிப் பாருங்க" என்றார். நகம் எங்கேயும் தட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சு வந்தது.

பழைய ராட் போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை. அவை ஒருமுறை இழுத்து முறுக்குவதற்கென்றே செய்தவை, மறுமுறை நம்பக்கூடாது. இந்த ராடின் மூடியை வெட்டி எடுக்காமல் உடைத்துப் பிரித்திருப்பார்கள், அதனால் எந்த மூடி எந்த ராடுக்கு என்பது மாறவே கூடாது. புது ஷெல்லின் முதுகைத் துடைத்து உலர்வாக வைத்து, முகத்தில் மட்டும் மசகுப் பசை தடவினார். ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டார். சப்ஃபிரேம் இறங்கியிருந்ததால் என்ஜின் மவுன்டுகளையும் மாற்றிக்கொண்டேன். எல்லாம் சேர்த்து எனக்கு 2,150 பவுண்ட் ஆனது. புது ஆயில் மட்டுமே 8.8 லிட்டர்.

ஸ்காபரோ தம்பி:

அண்ணா, நல்ல பதிவு. என்ரை கதை வேறை பேரிங், ஆனா தலையிடி ஒண்டுதான்.

2003 போர்ஷே பொக்ஸ்டர் எஸ் வச்சிருக்கிறன். இதின்ரை எஞ்சினிலை கிராங்கின்ரை சுழற்சி வால்வுகளைத் திறந்து மூடுற கேம் சாஃப்டுக்குப் போறது ஒரு இடைத்தண்டாலையும் சங்கிலியாலையும். ஐஎம்எஸ் எண்டு சொல்லுவினம். அந்தத் தண்டின்ரை பின்பக்கத்தைத் தாங்கிறது ஒரு சீல் பண்ணின குண்டுப் பேரிங். உள்ளுக்கை இருக்கிற கிறீசை எஞ்சின் ஒயில் மெல்ல மெல்லக் கழுவிப்போடும். சீல் இருக்கிறபடியால் புது ஒயிலும் ஒழுங்காப் போகாது. அது உடைஞ்சா சங்கிலியின்ரை நேரம் தவறி, வால்வும் பிஸ்டனும் அடிபடும். பிறகு எஞ்சின் இல்லை.

அமெரிக்காவிலை இதுக்கு வழக்கு நடந்து 2013இலை சமரசத்திலை முடிஞ்சது. அப்ப வெளியிலை வந்த கணக்குப்படி என்னுடையது மாதிரி ஒற்றை வரிசைப் பேரிங் நூற்றுக்கு 8 அளவிலை பழுதாகியிருக்கு. பழைய இரட்டை வரிசை ஒண்டுக்கும் குறைவு. "நூறிலை 92 வண்டி தப்புதுதானே" எண்டு நானும் இரண்டு வருசம் பேசாமல் ஓடினன். ஆனா எஞ்சின் போனா அந்த விலைக்கு இன்னொரு பொக்ஸ்டரே வாங்கலாம். அதை நினைச்சா 8 எண்டது சின்ன எண் இல்லை.

கிளட்ச் வழுக்கத் துவங்கினதும் முடிவெடுத்தன். கியர்பொக்சை இறக்கினால்தான் பேரிங்கைத் தொடலாம், கிளட்சுக்கும் அதே வேலைதான். கிராங்கின்ரை பின் ஒயில் சீலும் சேர்த்து 4,300 கனேடிய டொலர். முதலிலை கேட்ட இடத்திலை, கேம்களைப் பூட்டி வைக்கிற கருவி வேணுமோ எண்டு கேட்டன். அவைக்கு நான் என்ன சொல்லுறன் எண்டே விளங்கேல்லை, சாவியை வாங்கிக்கொண்டு வந்திட்டன். இரண்டாவது இடத்திலை வேலைக்கு முன்னமே ஒயில் ஃபில்டரை வெட்டிப் பாத்தினம். அதிலை இரும்புத்தூள் கிடந்தா புதுப் பேரிங் போட்டும் பிரயோசனம் இல்லை, தூள் எஞ்சின் முழுக்கப் போயிருக்கும்.

கழட்டின பேரிங்கைக் கையிலை சுத்திப் பாத்தன், வழுவழுப்பாத்தான் சுத்திச்சுது. சீலைக் கிளப்பினா உள்ளுக்கை கிறீஸ் ஒரு பொட்டும் இல்லை, கறுத்த ஒயில் மட்டும். இன்னும் எவ்வளவு ஓடியிருக்குமோ. மாத்தினதுக்காக ஒருநாளும் கவலைப்படேல்லை.

வாங்க யோசிக்கிற ஆக்களுக்கு ஒண்டு: 2006இலை இருந்து 2008 வரை வந்த பெரும்பாலான எஞ்சினிலை பேரிங் பெரிசு, ஆனா எஞ்சினைப் பிளக்காமல் கழட்டேலாது. 2009 மொடலிலை வந்த புது எஞ்சினிலை அந்தத் தண்டே இல்லை. பழைய 911 டேர்போவுக்கும் ஜிடி3க்கும் எஞ்சினே வேறை, இந்தப் பயம் தேவையில்லை.

ஆயில்துளி (ஸ்டுட்கார்ட்):

நான் ஆயில் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். "ரிப்போர்ட் நல்லா இருக்கு, அப்புறம் ஏன் கழற்றணும்" என்று கேட்பவர்களுக்காக ஒரு விஷயம். நாங்கள் ஈயம், செம்பு, தகரம் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று சொல்வது மிக நுண்ணிய துகள்களை வைத்துத்தான். சில மைக்ரானுக்கு மேல் பெரிதான துண்டுகளை அந்தக் கருவி சரியாகக் காட்டாது. அவை ஃபில்டரில்தான் இருக்கும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் எடுத்து, எண் ஏறுகிறதா என்று பாருங்கள். எஸ்65-க்குப் பிற்காலத்தில் ஈயம் இல்லாத ஷெல் வந்தது. அந்த வண்டியில் ஈயம் பூஜ்யம் என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமே இல்லை.

நொய்யல்:

எனக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வண்டியின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையதும்தான். விற்றவர் "பேரிங் எல்லாம் மாத்தியாச்சு" என்று சொல்லி பில்லும் காட்டினார். பேரிங், லேபர், தொகை எல்லாம் இருந்தது. நாலு மாதம் கழித்து மோட்டார்வேயில் மேட்டில் ஏறும்போது பலகையில் சுத்தியல் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓரம் கட்டுவதற்குள் ராட் என்ஜின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்த ஓட்டையில் விரலை நுழைக்கலாம். பிறகு பில்லில் இருந்த பார்ட் நம்பரைத் தேடிப் பார்த்தேன். முன் சக்கரத்துப் பேரிங்.

சேலத்துக்காரன்:

நொய்யல், படிக்கவே வயிறு பிசைகிறது. இதை எழுதியதற்கு நன்றி. பில்லில் பார்ட் நம்பர், எந்த மைலில் செய்தது, கழற்றின ஷெல்களின் படம், இந்த மூன்றும் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். நான் என் வண்டியைப் பேசும்போது 2,000 பவுண்ட் குறைக்கச் சொன்னேன். அவர் 1,200-க்கு இறங்கினார்.

என்னுடைய 16 ஷெல்களும் நம்பர் எழுதி முட்டை அட்டையில் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் நாளில் அட்டையும் கூடவே போகும். வருகிற சனிக்கிழமை அந்த நண்பர்களில் ஒருவர் லெஸ்டரில் ஒரு 2010 வண்டி பார்க்கப் போகிறார். நானும் போகிறேன், டார்ச் லைட்டும் ஆறாம் நம்பர் ஷெல்லும் எடுத்துக்கொண்டு.