சோற்றைக் குறைத்த பின் மதிய உணவை எப்படி அமைத்துக்கொள்வது?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி

அனைவருக்கும் வணக்கம். எடையைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியதால், மாவுச்சத்தைக் குறைத்து உண்ணத் தொடங்கியிருக்கிறேன். காலையில் இட்லி, தோசைக்குப் பதிலாக முட்டையும் ஒரு பொரியலும், இரவில் மீனும் முருங்கைக்கீரையும் எடுத்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் விரைவாக இறங்கிய எடை இப்போது அசையவில்லை.

மதியவேளைதான் எனக்குப் பெரும் சிக்கல். எங்கள் வீட்டில் மதிய உணவென்றால் சோறும் மீன் குழம்பும்தான். மாமியார் விடியற்காலையிலேயே மீன் வாங்கிவந்து ஆய்ந்து சமைக்கிறார்; அவரிடம் எனக்கென்று தனிச் சமையல் கேட்க மனம் வரவில்லை. இணையத்தில் காணும் உணவுப் பட்டியல்களோ பாதாம் மாவு, பாலாடைக்கட்டி என்று எங்கள் கடைத்தெருவில் எளிதில் கிடைக்காதவற்றையே சொல்கின்றன. மாலை நான்கு மணிக்குப் பசி தாங்க முடிவதில்லை. அப்போது கருப்பட்டிக் காப்பியும் பனங்கிழங்கும் எடுத்துக்கொள்ளலாமா? சோற்றுக்குப் பதிலாகச் சிறுதானியம் உதவுமா? மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது? பழகியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கீழக்கரையிலிருந்து

அன்புச் சகோதரிக்கு, நான் சில ஆண்டுகளாக இம்முறையில்தான் உண்டு வருகிறேன். நம் கடற்கரைச் சமையலில் மாற்ற வேண்டியது குழம்பை அன்று, தட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு உண்டால் அதிலிருந்து மட்டுமே 84 கிராம் வந்துவிடும். மீனில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். குழம்பிலுள்ள புளி, வெங்காயம், தக்காளி ஆகியவற்றிலிருந்து ஒருவர் பங்குக்கு வருவதும் சில கிராம்களே. ஆகவே உங்கள் மாமியார் வைக்கும் குழம்பை அப்படியே உண்ணுங்கள். மீன் துண்டுகளைக் கூட்டி, சோற்றை ஒரு சிறு கரண்டியளவுக்குக் குறைத்து, தட்டின் பாதியைப் புடலை, சுரை, அவரை, வெண்டை போன்ற காய்களால் நிரப்புங்கள்.

சோறு குறைந்தால் குழம்பின் காரமும் புளிப்பும் நாவில் ஓங்கித் தெரியும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருங்கள். அதிலும் நம் முண்டு மிளகாய் அரைத்து வைத்த குழம்பென்றால் சொல்லவே வேண்டாம். உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த சுரைக்காய் அல்லது புடலங்காயின் மீது குழம்பை ஊற்றி உண்டால் அது சோற்றின் வேலையைச் செய்துவிடும். எங்கள் வீட்டில் ஆணத்தில், அதாவது குழம்பில், தேங்காய்ப்பால் சேர்ப்பதால் காரம் தணிந்திருக்கும். ஆனால் உங்கள் எடை நின்றுபோனதற்கான காரணத்தைத் தேடும்போது தேங்காயையும் நிலக்கடலையையும் பாருங்கள். மாவுச்சத்து குறைவு என்பதால் அவற்றை அளவின்றி உண்ணலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். தேங்காய் 100 கிராமில் 350 கலோரியும், நிலக்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேலும் உள்ளன.

கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான். அதன் மணமும் அதில் சிறிதளவு உள்ள தாதுக்களும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. பனங்கிழங்கில் நார்ச்சத்து இருந்தாலும் அது மாவுப்பொருளே. தை மாதத்தில் அதை உண்ண விரும்பினால் அன்றைய சோற்றை விட்டுவிட்டு உண்ணுங்கள். சிறுதானியங்களிலும் 100 கிராம் தானியத்துக்கு 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து இருப்பதால், சோற்றின் அளவுக்கே அவற்றை உண்பது மாவுச்சத்தைக் குறைத்ததாகாது. நான்கு மணிப் பசி என்பது பெரும்பாலும் மதியம் மீன் போதாமையின் விளைவு. இரண்டு சிறு காரல் மீன்கள் ஒரு வேளைக்குப் போதா. மதியம் போதிய மீன் உண்ட நாளில் மாலைக்குச் சர்க்கரையில்லாத தேநீரும் ஒரு அவித்த முட்டையும் எனக்குப் போதுமானவையாக உள்ளன.

பதில்: ராமநாதபுரத்திலிருந்து ஒரு செவிலியர்

மேலே சொன்னவை சரியானவை. ஆயினும் தட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் மருந்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். இன்சுலினோ கிளைமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அளவு உயராமல் இருக்கும்போதே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றில் எது உங்கள் மருந்துச்சீட்டில் இருந்தாலும் அளவை மாற்றும் முடிவு மருத்துவருடையது. இரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும்.

தொடக்கத்தில் விரைவாக இறங்கிய எடையில் பெரும்பங்கு நீர். உடலில் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கிறது. அது செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது. அதன் பிறகு வேகம் குறைவது இயல்பு என்பதால் மனம் தளர வேண்டாம். எடையோடு இடுப்புச் சுற்றளவையும் குறித்து வாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

இம்முறையின் தொடக்கத்தில் சிறுநீரகங்கள் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும். நம் ஊர் வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்வதால் சிலருக்குத் தலைசுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் வருகின்றன. இரத்த அழுத்தம் இல்லாதவருக்கு உப்பிட்ட நீர்மோர் உதவும். அழுத்தம் உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது. கருவாட்டையும் நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசி, எப்போதாவது சிறிதளவு உண்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பதில்: தொண்டியிலிருந்து

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இந்த உணவுமுறை உயர்ந்தது, மற்றவை தாழ்ந்தவை என்று வீட்டிலுள்ள அனைவர் மீதும் திணிக்க வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் எடையிழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒருவரால் தொடர்ந்து கடைப்பிடிக்க முடிவதே அவருக்கு ஏற்ற முறை என்பது என் கருத்து. இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வருபவருக்கும், கரைவலை இழுப்பவருக்கும் சோறு தேவை. உங்கள் தட்டில் குறைத்ததை அவர்கள் தட்டில் குறைத்துவிடாதீர்கள், தாயே.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நான் கிளைமிபிரைடு எடுத்து வருகிறேன். காலையும் இரவும் குறைத்ததை மருத்துவரிடம் இன்னும் தெரிவிக்கவில்லை. மதியச் சோற்றைத் தொடுவதற்கு முன் நாளையே சென்று கேட்டுவிடுகிறேன். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சோறு வழக்கம்போலவே இருக்கும். தடைக்காலத்தைப் பற்றிக் கீழக்கரைச் சகோதரி சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: கீழக்கரையிலிருந்து

மருத்துவரைக் காண்பதே முதல் வேலை, காலம் தாழ்த்த வேண்டாம். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது விசைப்படகுகளுக்கே பொருந்துவதால் நாட்டுப்படகில் வரும் மீன் அப்போதும் கிடைக்கும், விலைதான் ஏறியிருக்கும். பெரிய மீனை எதிர்பார்க்காமல், சூடையோ நெத்திலியோ மலிவாக வரும் நாளில் வாங்கிக்கொள்வேன். மற்ற நாள்களில் அதே குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைப்பேன். குழம்பின் கூட்டு மாறாததால் வீட்டில் யாருக்கும் தனிச் சமையல் தேவைப்படாது. உங்கள் மாமியாருக்கும் இது எளிதாகவே இருக்கும்.