வாஷர் மோட்டார் ஓடுகிறது, கண்ணாடிக்கு நீர் வரவில்லை

கேள்வி: காரில் வைப்பர் லீவரை என் பக்கம் இழுக்கும்போது மோட்டார் ஓடும் ஒலி கேட்கிறது; ஆனால் முன்கண்ணாடியில் ஒரு துளி நீரும் விழுவதில்லை. தொட்டியில் நீர் நிறைவாக உள்ளது. பியூஸ் போயிருக்குமா?

பதில் 1: ஒலி கேட்பதால் பியூஸைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஐயா. பானெட்டைத் திறந்து, நாசிலுக்கு (கண்ணாடியில் நீரைப் பீய்ச்சும் முனைக்கு) செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, வேறொருவரை லீவரை இழுக்கச் சொல்லுங்கள். குழாயிலிருந்து நீர் பீறிட்டால் அடைப்பு நாசிலில்தான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் வண்டிகளில் உப்புப் படிந்து துளை மூடிக்கொள்வது மிகவும் வழக்கமானது என்பதால், மெல்லிய ஊசியால் பக்குவமாகக் குத்தி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நீர் வராவிட்டால், குழாய் எங்கேனும் மடங்கியோ இணைப்பில் கழன்றோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: குழாயில் நீர் நன்றாக வருகிறது. இனி ஷாம்பு கலந்து ஊற்றலாமா?

பதில் 2: வேண்டாம். நுரையும் பிசுக்கும் மிஞ்சும்; வாஷர் திரவத்தையோ ஆர்.ஓ. நீரையோ ஊற்றுங்கள். கண்ணாடிப் படம் பொறித்த மூடியைப் பார்த்தே ஊற்றுங்கள், ஏனெனில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் தொட்டியும் பானெட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீர் தீர்ந்த பின்னும் லீவரை இழுத்துப் பிடித்தால் மோட்டார் பழுதாகும்.