கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தன்

தொடங்கியவர்: மருத்துவர், வடமேற்கு இங்கிலாந்து

தொடர் கொலையாளி என்று பேச்சு வந்தாலே எல்லாரும் அவன் மனசுக்குள் போய்விடுகிறார்கள். சின்ன வயசில் என்ன நடந்தது, அம்மா எப்படிப்பட்டவர், முதல் கொலை எப்போது என்று. எனக்குத் தெரிந்தது அந்தப் பக்கம் இல்லை. கொலை முடிந்த பிறகு மேசைக்கு வரும் காகிதத்தின் பக்கம். இருபது வருடத்துக்கு மேல் இதை எழுத நினைத்து எழுதாமலே இருந்தேன். உங்களில் யாருக்காவது இதுபோல் நடந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

1993-ல் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தேன். நான் வேலை பார்த்த ஊரிலிருந்து ஹைட் நகரம் காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். மான்செஸ்டருக்குக் கிழக்கே இருக்கிற சின்ன ஊர். தன் நோயாளிகளையே கொன்ற டாக்டர் ஹரால்ட் ஷிப்மன் அங்கே மார்க்கெட் தெருவில் தனியாக கிளினிக் நடத்திக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவரைக் காப்பாற்றிய அந்தப் படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வேறு ஊரில், வேறு டாக்டர்களுக்காக.

அப்போதைய நடைமுறை இது. உடலைப் புதைப்பதென்றால், சிகிச்சை பார்த்த டாக்டர் ஒருவரின் சான்றிதழ் போதும். எரிப்பதென்றால் கூடுதலாக பி படிவம், சி படிவம் என்று இரண்டு. பி படிவத்தைச் சிகிச்சை பார்த்தவர் எழுதுவார். சி படிவத்தை அவரோடு தொழில் தொடர்பில்லாத, ஐந்து வருட அனுபவமுள்ள இன்னொரு டாக்டர் எழுத வேண்டும். அந்த இரண்டாமவர் உடலைப் பார்த்து, முதல் டாக்டரிடம் விசாரித்து, சந்தேகமில்லை என்று ஒப்பமிட வேண்டும். இரண்டு பேருக்கும் பணம் உண்டு. அதற்கு ‘ஆஷ் கேஷ்’ என்று பெயர், அதாவது சாம்பல் காசு. என்னோடு இருந்த ஜூனியர்கள் அந்தக் காசில்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே சாப்பிடப் போவார்கள்.

சி படிவத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். இறந்தவரைக் கவனித்த செவிலியரிடம் பேசினீர்களா? உறவினரிடம் பேசினீர்களா? வேறு யாரிடமாவது? இவற்றுக்கு ‘இல்லை’ என்று எழுதினாலும் படிவம் செல்லும். நான் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன். எனக்குத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இறுதிச் சடங்கு நிறுவனத்தின் பின்கட்டில் குளிர் அறை. கணுக்காலில் பிளாஸ்டிக் பட்டை, அதில் நீல மசியில் பெயர். எண்பதைத் தாண்டிய அம்மா. ஊதா நிறக் கம்பளிச் சட்டை, பொத்தான் எல்லாம் கழுத்துவரை போட்டிருந்தது. முகத்தைப் பார்த்தேன், பட்டையைப் பார்த்தேன். அந்தச் சட்டைக் கையை மேலே ஏற்றி முழங்கை மடிப்பைப் பார்க்கவில்லை. வரும் வழியில் முதல் டாக்டரிடம் போனில் பேசியிருந்தேன். “இதயம்தான், ரொம்ப நாளாக இருந்தது” என்றார். சரி என்று எழுதிவிட்டேன். அந்த மரணத்தில் தப்பு எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. நடந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, அதைத்தான் சொல்கிறேன்.

ஷிப்மன் ஊசி போட்டது அந்த முழங்கை மடிப்பு மாதிரியான இடத்தில்தான். டயமார்ஃபின், அதாவது ஹெராயினின் மருத்துவ வடிவம். பெரும்பாலும் தனியாக வசித்த வயதான பெண்கள். பகலில் வீட்டுக்குப் போவார். பின்னால் வருகிறவர்கள் பார்க்கும்போது, வெளியே கிளம்பத் தயாரானவர் மாதிரி நல்ல உடையோடு நாற்காலியிலேயே சாய்ந்திருப்பார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்தவர்கள் இல்லை.

1998 ஜூனில் ஹைட்டில் 81 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். காரணம் ‘முதுமை’ என்று ஷிப்மன் எழுதினார். அப்புறம் சொத்து முழுவதையும் டாக்டருக்கே கொடுப்பதாகத் தட்டச்சு செய்த உயில் ஒன்று வந்தது. அந்த அம்மாவின் மகள் வழக்கறிஞர். பார்த்தவுடனே போலி என்று சொல்லிவிட்டார். எரிக்காமல் புதைத்திருந்ததால் உடலைத் தோண்டி எடுக்க முடிந்தது. செப்டம்பரில் கைது. 2000 ஜனவரி 31 அன்று, 15 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. நீதிபதி ஜேனட் ஸ்மித் நடத்திய விசாரணை 2002-ல் கொடுத்த கணக்கு 215. அதில் 171 பேர் பெண்கள். கடைசியில் 1971 முதல் ஏறத்தாழ 250 என்று முடித்தார்கள். 2004-ல் வேக்ஃபீல்டு சிறையில் அந்த ஆள் தூக்குப் போட்டுக்கொண்டார். கடைசிவரை ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை.

தீர்ப்பு வந்த அடுத்த குளிர்காலம், எழுபத்தைந்து வயது நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் தடுப்பூசி போட ஊசியை எடுத்தேன். பல வருடமாக வருகிறவர். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “அந்தக் குப்பியை ஒரு நிமிஷம் காட்டுங்கள் டாக்டர்” என்றார். கண்ணாடியை மாட்டி, லேபிளை வாய்விட்டுப் படித்தார். அப்புறம்தான் கையை நீட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு மீதி இருந்த எல்லாருக்கும் நானே லேபிளைக் காட்டிவிட்டுத்தான் ஊசி போட்டேன்.

பதில்: செவிலியர், லண்டன் (சொந்த ஊர் யாழ்ப்பாணம்)

வணக்கம் டொக்டர். நான் முதியோர் இல்லத்தில் 17 வருஷமாக வேலை. எங்களிடம் மோர்ஃபின் எடுப்பதென்றால் இரண்டு பேர் நிற்க வேணும். பூட்டைத் திறக்கவும் பதிவேட்டில் ஒப்பமிடவும், மிச்சத்தைக் கொட்டவும் இரண்டு பேர். புதிதாக வருகிற பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள், ‘என்னை நம்பவில்லையோ’ என்று கேட்பார்கள். நான் அவர்களுக்கு ஹைட் கதையைச் சொல்லுவன்.

ஒருமுறை இரவுப் பணியில், கூட நின்றவ கழிப்பறைக்குப் போய்விட்டா. நோயாளி வலியில் முனகிக்கொண்டு கிடந்தார். நான் தனியே எடுத்துக் கொடுத்துவிட்டேன், அவ வந்த பிறகு பதிவேட்டில் இரண்டாவது ஒப்பம் போட்டா. காணாத ஒன்றுக்குப் போட்ட ஒப்பம். கொடுத்த அளவு சரிதான். ஆனால் அண்டைக்கு நான் பிழையான ஆளாக இருந்திருந்தால் அந்தப் பதிவேடு எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும். அடுத்த நாள் மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன்.

பதில்: ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், விருதுநகர் மாவட்டம்

ஐயா, ‘முதுமை’ என்று எழுதிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நானும் அந்த வார்த்தையை எழுதியவன்தான். கிராமத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எங்கள் வேலை. வீட்டில் நடக்கும் சாவுக்கு டாக்டர் வருவதில்லை. வீட்டார் சொல்வதை எழுதுவோம்.

எங்கள் பக்கத்தில் தலைக்கூத்தல் என்ற பழக்கம் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படுக்கையில் விழுந்த பெரியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு முடிந்துவிடும். 2010-ல் எங்கள் மாவட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், வீட்டார் பேசிக்கொண்டது காதில் விழுந்து, தப்பித்து உறவினர் வீட்டுக்குப் போன பிறகுதான் இது பத்திரிகைக்கு வந்தது. அதற்கு முன்னாலும் ஊரில் தெரியாதவர்கள் இல்லை.

ஒரு வீட்டுக்கு மாலை கொண்டுபோனேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் பேத்தி படிப்பு பற்றிப் பேசியிருந்தார். கால் நடக்காது, பேச்சு நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாவு. கிட்டே போனபோது முடியெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு, காதோரம் வழிந்து காய்ந்திருந்தது. மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வந்து, “வயசாயிருச்சுங்க” என்றார். நான் எழுதிவிட்டேன். இதைக் கொலை என்று அன்றைக்கு என் மனசு சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறது.

பதில்: குற்றவியல் முதுகலை மாணவி, திருநெல்வேலி

வணக்கம் சார். வகுப்பில் முதலில் எங்களுக்கு வரையறைதான் வரும். ஒரே சம்பவத்தில் நாலு பேர் அல்லது அதற்கு மேல் என்றால் கூட்டுக்கொலை. தனித்தனிச் சம்பவங்களில், ஒரே ஆளால் இரண்டு பேராவது கொல்லப்பட்டால் தொடர் கொலை, இது எஃப்பிஐ 2005-ல் கூட்டிய கருத்தரங்கில் வந்தது. அதற்கடுத்து கொலையாளியின் வகைகள், மனநிலை, விவரக்குறிப்பு (அதாவது தடயங்களை வைத்து ஆள் எப்படிப்பட்டவர் என்று ஊகிப்பது). உங்களுடையதைப் படித்தபோது, நாங்கள் செத்தவர்களைப் பற்றிக் குறைவாகவே படிக்கிறோம் என்று தோன்றியது. பிரிட்டிஷ் குற்றவியலாளர் டேவிட் வில்சன் இதைத்தான் கேட்கிறார்: யார் இறந்தால் சமூகம் கவலைப்படாதோ அவர்களே தொடர் கொலைக்கு இரையாகிறார்கள் என்று. அந்தப் பட்டியலில் முதியவர்களுக்குப் பெரிய இடம்.

ஜெர்மனியில் நீல்ஸ் ஹோகல் என்ற ஆண் செவிலியர் வழக்கும் இதே மாதிரிதான். 2019-ல் 85 கொலைகளுக்குத் தண்டனை. ஒரு மருத்துவமனையில் சந்தேகம் வந்தது, அவர்கள் நல்ல நற்சான்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஊர் மருத்துவமனையிலும் கொன்றார். சார், ஷிப்மன் மேல் முன்பே யாருக்கும் சந்தேகம் வரவில்லையா?

பதில்: தொடங்கியவர்

வந்ததம்மா. சொல்லவும் செய்தார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த ப்ரூக் கிளினிக் டாக்டர்கள்தான் ஷிப்மனுக்கு சி படிவம் போட்டவர்கள். அங்கே புதிதாகச் சேர்ந்த டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ், ஒரே டாக்டர் இருக்கிற இடத்திலிருந்து இத்தனை படிவம் வருகிறதே என்று எண்ணிப் பார்த்தார். உள்ளூர் இறுதிச் சடங்கு நிறுவனத்தினரும், எல்லாரும் உடையோடு உட்கார்ந்தபடி இறக்கிறார்களே என்று பேசியிருந்தார்கள். 1998 மார்ச்சில் ரெனால்ட்ஸ் கொரோனரிடம், அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போனார். கொரோனர் போலீஸிடம் சொன்னார். போலீஸ் ஒரு மாதத்துக்குள் விசாரணையை மூடிவிட்டது. அந்த ஆளுக்குப் பழைய குற்றப் பதிவு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. இருந்தது: 1976-ல், பெத்திடின் என்ற வலி மருந்தைத் தனக்கே போட்டுக்கொள்ளப் போலிச் சீட்டு எழுதி 600 பவுண்டு அபராதம் கட்டியவர். மருத்துவக் கவுன்சில் எச்சரித்து விட்டுவிட்டது. போலீஸ் விசாரணையை மூடியதற்கும் கைதுக்கும் நடுவில் இன்னும் மூன்று பேர் இறந்தார்கள். அந்த மூன்று பேரை நினைக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நீ விவரக்குறிப்பு பற்றிச் சொன்னாய். ஒரு வரைபடம் இருக்கிறது, கிடைத்தால் பார். விசாரணைக்காக ஸ்பீகல்ஹால்டர் போன்ற புள்ளியியலாளர்கள் வேலை செய்தார்கள். மற்ற டாக்டர்களின் நோயாளிகள் இறந்த நேரம் நாள் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஷிப்மனின் கோடு மதியத்துக்குப் பிறகு, இரண்டு மணியை ஒட்டிக் குன்று மாதிரி எழும்புகிறது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நேரம் அது. மனசைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லா இறப்பையும் ஒரே இடத்தில் வைத்து யாராவது மணியைப் பார்த்திருந்தால் போதும்.

சி படிவம் இப்போது கிடையாது. கோவிட் வந்தபோது நிறுத்தி, அப்படியே எடுத்துவிட்டார்கள். 2024 செப்டம்பர் முதல், கொரோனரிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் தனி மருத்துவப் பரிசோதகர் பார்ப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம். குறிப்புகளைப் படித்து, குடும்பத்தோடும் பேசுவார்கள். விசாரணை அறிக்கை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று இதற்கு. வாரத்தில் ஒரு நாள் நானும் அந்த வேலை பார்க்கிறேன்.

விருதுநகர் அண்ணாச்சி, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, சொல்லும் தகுதியும் இல்லை. நான் சட்டைக் கையை ஏற்றவில்லை, நீங்கள் எண்ணெயைப் பார்த்தும் எழுதினீர்கள். நீங்கள் பார்க்கவாவது செய்தீர்கள்.

போன வியாழக்கிழமை ஒரு மகளிடம் போனில் பேசினேன். “அம்மாவுக்குக் கிடைத்த சிகிச்சையில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டியிருக்கிறதா?” என்று கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “இல்லை டாக்டர்... ஒரு விஷயம், சின்னதுதான்” என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் அதில் ஒன்றும் இல்லை. அடுத்த போனுக்குத் தாமதமாகிவிட்டது, பரவாயில்லை.