மூன்று மாதம் கொசு என்றே நினைத்திருந்தோம்

செந்தூல்

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன கடிக்கிறது என்றே தெரியாமல் நடு இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, எங்கள் ப்ளாட்டில் கீழ் மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்களிடம் 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மரக் கட்டில் வாங்கினோம். நல்ல கனமான கட்டில், தலைமாட்டுப் பலகையில் பூவேலை எல்லாம் இருந்தது. மகள்கள் இரண்டு பேரும் அதில்தான் படுத்தார்கள். இரண்டு வாரத்தில் பெரியவளுக்குக் காலையில் எழுந்தால் கையிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்பு, மூன்று நான்கு ஒரே வரிசையில். பக்கத்திலேயே படுக்கும் சின்னவளுக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் ஏமாந்தோம். கொசு என்றோம், கொசுவர்த்தி ஏற்றினோம், வலை கட்டினோம், குளியலறைத் தொட்டியில் அபேட் மருந்து போட்டோம். தடிப்பு நிற்கவில்லை. கிளினிக்கில் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார்கள். சோப்பை மாற்றினேன், இறாலை நிறுத்தினேன், பாவம் அந்தப் பிள்ளை ஒரு மாதம் முட்டைகூடச் சாப்பிடவில்லை.

தைப்பூசத்துக்கு மாமியார் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தார். பிள்ளைகள் அறையில் படுக்கப் போனவர் அஞ்சு நிமிஷத்தில் வெளியே வந்து, "மூட்டைப்பூச்சி வாடை வருதே, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டார். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர், அந்த வாடை அவருக்கு மறக்கவே மறக்காதாம். பச்சைக் கொத்தமல்லியைக் கசக்கி மூடி வைத்தது போல ஒரு வாடை, அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் பிடிபட்டது. அன்றைக்கு இரவு மூன்று மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கை விரிப்பைத் தூக்கினேன். மெத்தைத் தையல் ஓரத்தில் பேனாவால் புள்ளி வைத்தது போலக் கறுப்புக் கறை. தலைமாட்டுப் பலகையின் பின்னால், திருகாணி இறங்கும் பள்ளத்தில், பழைய ப்ரீபெய்ட் கார்டை விட்டு வழித்தேன், ஏழெட்டு வெளியே வந்தன. மைசூர்ப் பருப்பு அளவு, தட்டை, காப்பிக்கொட்டை நிறம், இறக்கை கிடையாது. கூடவே ரவையைச் சிந்தியது போல வெள்ளையாக முட்டை. உட்கார்ந்து அழுதேன்.

சின்னவளையும் அவை கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. சில உடம்புக்குத் தடிப்பே வராது, சிலருக்குக் கடித்துப் பல நாள் கழித்துத்தான் வரும். யாருக்குத் தடிப்பு இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் பூச்சித் தெளிப்பான் இரண்டு டப்பா வாங்கி அறை முழுக்க அடித்தேன். இந்தப் பூச்சிகள் அந்த வகை மருந்துக்கெல்லாம் பழகிப்போய் வருஷக்கணக்காகிறது. செத்தது கொஞ்சம், மீதி சுவர் விரிசலுக்கும் ப்ளக் பாயிண்டுக்கும் ஓடி ஒளிந்தன. பிறகு பிள்ளைகளை வரவேற்பறையில் படுக்க வைத்தேன். பத்து நாளில் சோபாவிலும் வந்துவிட்டது. நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் தேடித்தான் அவை வருகின்றன, நாம் இடம் மாறினால் கூடவே வரும். கணவர் மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்று டின்னோடு வந்தார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும் என்று மாமியார் பிடுங்கி வைத்துவிட்டார், நல்ல வேளை.

மருந்தடிக்கும் ஆளையும் கூப்பிட்டோம். முதலில் வந்தவர்கள் 350 வெள்ளி வாங்கிக்கொண்டு ஒரே தடவை அடித்துவிட்டு முடிந்தது என்று போனார்கள். ஒன்பதாம் நாள் எள்ளைவிடச் சின்னதாக, கண்ணாடி மாதிரி வெளிறிய குஞ்சுகள். முட்டைக்குள் மருந்து சரியாகப் போகாது, நம் ஊர் வெக்கைக்கு ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும். போன் செய்தால் எடுக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர்கள்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மூன்று தடவை வருவோம், அதற்கு முன்னால் நீங்கள் இன்னின்னது செய்து வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒன்றுவிடாமல் செய்தேன்.

துணி, திரை, தலையணை, பள்ளிப் பை, பொம்மை எல்லாவற்றையும் குப்பைப் பையில் அறையிலேயே கட்டி (கட்டாமல் தூக்கிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போவோம்) கீழே உள்ள டோபி கடைக்குக் கொண்டுபோனேன். துவைப்பதைவிட உலர்த்துவதுதான் முக்கியம். அதிகச் சூட்டில் முப்பது நிமிடத்துக்குக் குறையாமல். ஐம்பது டிகிரி செல்சியஸுக்கு மேல் அவற்றால் தாங்க முடியாது, முட்டையும் சேர்ந்து போய்விடும். மெத்தையை வெயிலில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். மேல்பக்கம்தான் சுடும், பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒவ்வொரு பொருத்துக்கும் நீராவி பிடித்தோம். வேக்கம் போட்டு, அந்தத் தூசிப் பையை அன்றன்றே கட்டி வெளியே எறிந்தோம். மெத்தைக்கு முழுவதும் ஜிப் வைத்து மூடும் உறை போட்டு, ஜிப் முனையில் டேப் ஒட்டி, ஒரு வருடத்துக்குத் திறக்கக் கூடாது என்று தேதி எழுதி வைத்திருக்கிறேன். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஜென்மம் அது.

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். சுத்தமில்லாத வீடு என்று நினைப்பார்களே என்று மூன்று நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் தட்டி, வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னால், அந்த வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) உள்ளே போய்த் தன் கையை மறைத்திருந்த சட்டையைச் சுருட்டிக் காட்டினார். இரண்டு மாதமாக அவர்களும் கொசுவர்த்திதான் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சுவர் ஒன்று, பூச்சியும் ஒன்று. இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் மருந்தடித்த பிறகுதான் அடங்கியது. இன்றோடு எட்டு வாரம், ஒரு கடி இல்லை.

கெப்பாலா பாத்தாஸ்

அக்கா, எங்கள் வீட்டுக் கதை வேறு. எங்களுக்குக் கடியே இல்லை, ஆனால் கடி என்று நினைத்து ஒரு வாரம் அலைந்தோம்.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் வயல். அறுவடை முடிந்த வாரம் அப்பாவின் கழுத்தில் காலையில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு, சாயங்காலம் கொப்புளம், தீயால் இழுத்தது போல எரிச்சல். முழங்கை மடிப்பில் மேலே ஒன்று கீழே ஒன்று, கையை மடக்கினால் இரண்டும் ஒன்றை ஒன்று தொடும். பாட்டி பார்த்துவிட்டு அக்கி என்று சொல்லிக் காவி எழுத ஆள் தேடச் சொன்னார். கிளினிக் டாக்டர், நீங்கள் இருப்பது வயல் பக்கமா என்று ஒரே கேள்விதான் கேட்டார். அது சார்லி என்ற பூச்சியாம். மலாய்க்காரர்கள் செமுட் காயாப் என்பார்கள். காயாப் என்றால் அக்கிதான், ஆக பாட்டி ரொம்பவும் தப்பில்லை.

பார்த்தால் எறும்பு மாதிரி இருக்கும், ஆனால் வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, வால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். கடிக்காது, கொட்டாது. உடம்பில் ஊரும்போது நாம் பட்டென்று அடித்து நசுக்குகிறோம் பாருங்கள், அப்போது அதன் உடம்பு நீரில் இருக்கும் பெடரின் என்ற விஷம் தோலில் படுகிறது. அடித்தது இரவில், எரிவது மறுநாள் அல்லது அதற்கும் அடுத்த நாள், அதனால்தான் யாருக்கும் தொடர்பு தெரிவதில்லை. அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தால் கண் வீங்கிவிடும், என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது.

வயலில் அது நல்ல பூச்சி, நெற்பயிரைத் தின்னும் பூச்சிகளை அது தின்னும். அறுவடையில் இருப்பிடம் போனதும் வெளிச்சத்தைத் தேடி மாடிக்கு வருகிறது. இப்போது அறுவடைக் காலத்தில் ஏழு மணிக்கே பால்கனிக் கதவைச் சாத்திவிடுகிறோம், வெளி விளக்கை மஞ்சளாக மாற்றினோம், படுக்கும் முன் தலையணையை உதறுகிறோம். உடம்பில் கண்டால் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு தாளில் ஏற விட்டு வெளியே விடுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்

கடி முழங்காலுக்குக் கீழே மட்டும் இருக்கிறதா? அப்படியானால் தெள்ளுப்பூச்சியையும் பாருங்கள். ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வாடகை வீட்டுக்குள் நாங்கள் நுழைந்த முதல் நாளே கணுக்காலைப் பிய்த்துவிட்டது. எங்களிடம் பூனையே இல்லை, முன்பு இருந்தவர்களிடம் இருந்திருக்கிறது. கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடக்கும் அதிர்வு தெரிந்ததும் வெளியே வருமாம். வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு அறையில் நடந்தேன், கறுப்புப் புள்ளிகள் துள்ளி ஏறின, சந்தேகம் தீர்ந்தது. தினமும் வேக்கம், மூன்று வாரம். வீட்டில் பூனை இருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து போடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

ஆயர் ஈத்தாம்

செந்தூல் அக்காவுக்கு ஒரு கேள்வி. கட்டில் கால்களுக்குக் கீழே வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தால் மூட்டைப்பூச்சி அதில் விழுந்து ஏற முடியாமல் கிடக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்களே, அதை நம்பலாமா? நான் வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்றுகூட விழவில்லை. ஆனால் மகனுக்குத் தடிப்பு இருக்கிறது. மெத்தைத் தையலில் பழுப்பாக ஒன்று பார்த்தேன், ஓடிவிட்டது. மெத்தையை இன்று இரவே கீழே கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா?

செந்தூல்

தம்பி, கிண்ணம் காலியாக இருப்பதை நம்பாதீர்கள். குளிர் நாடுகளில் இருக்கும் மூட்டைப்பூச்சி ஒரு வகை, நம் பக்கம் இருப்பது வேறு வகை. நம்முடையதற்குக் கால் நுனியில் ஒட்டிக்கொள்ளும் மயிர் அதிகம், அதனால் வழவழப்பான சுவரிலும் ஏறிவிடும். உங்கள் பினாங்கிலேயே யூஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இரண்டு வகையையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு வந்த இரண்டாவது ஆட்களும் இதைச் சொல்லித்தான் கிண்ணம் வேண்டாம் என்றார்கள்.

மெத்தையை இன்று இரவு தூக்காதீர்கள். படிக்கட்டு வழியாக இழுத்துப் போனால் எல்லா மாடியிலும் உதிரும், கீழே போட்டதை வேறொரு வீட்டார் எடுத்துப் போவார்கள், எங்களுக்கும் இன்னொரு வீட்டுக் கட்டிலோடுதான் வந்தது. எறியத்தான் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் முழுக்கச் சுற்றி டேப் ஒட்டி, மூட்டைப்பூச்சி உள்ளது என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். பெரும்பாலும் எறிய வேண்டியிருக்காது, உறை போதும். மகனை வேறு அறைக்கு மாற்றாதீர்கள், அதே கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, விரிப்பு தரையைத் தொடாமல் மடித்து விடுங்கள். மூட்டைப்பூச்சி நோய் எதையும் பரப்புவதாக இதுவரை தெரியவில்லை, அதனால் இன்று ஒரு இரவு பொறுக்கலாம்.

ஆனால் பகலில், அதுவும் காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் கடித்தால் அது டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவாக இருக்கலாம், அதில் பொறுக்கவே கூடாது. 2023-இல் மட்டும் நம் மலேசியாவில் டிங்கி 123,133 பேருக்கு வந்து 100 பேர் இறந்தார்கள். ப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, பூஜை அறையில் பூப்போட்டு வைக்கும் உருளி, மாடிக் குழாயடி வாளி, வாரம் ஒரு தரம் கொட்டிவிட்டு உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. மகனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் பூச்சியை விட்டுவிட்டு முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.

காய்ச்சல் இல்லையென்றால் இரவு மூன்று மணி, டார்ச், ஒரு பழைய கார்டு, ஒட்டும் டேப். தலைமாட்டிலிருந்து தொடங்குங்கள், திருகாணிப் பள்ளங்களை விடாதீர்கள். கிடைத்ததை டேப்பில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பத்து காசு வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், மாமியாரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார், இரண்டு பேரும் பார்த்துச் சொல்கிறோம்.