மடைச்சார்பு: ஒரு முன்மொழிவு

> எதிரி நாடுகள் வணிகத்தால் பிணைந்திருக்க, ஒன்று அந்தப் பிணைப்பையே நெருக்கடிக்குப் பயன்படுத்துவதை 'ஆயுதமாக்கப்பட்ட பரஸ்பரச் சார்பு' எனலாமா?

பொருள் சரி, மூச்சுதான் வாங்குகிறது. செய்தித் தலைப்பில் இதைப் போட்டால் மற்ற சொற்களுக்கு இடமிருக்காது. என் பெரிய குறை 'பரஸ்பரம்' மீதுதான். அதைக் கேட்டதும் இரு தட்டும் சமம் என்று தோன்றிவிடுகிறது. யார் கையில் மடையை அடைக்கும் பலகை இருக்கிறது என்பதல்லவா இங்கே கேள்வி?

'மடைச்சார்பு' என்று முன்மொழிகிறேன். தலைமடைக்காரர் பலகையை இறக்கினால் கடைமடைப் பயிர் கருகும். இதை விளக்க அடிக்குறிப்பு வேண்டாம்.

2022 கோடையைப் பாருங்கள். ரஷ்ய எரிவாயுவை ஜெர்மனிக்குக் கொண்டுவந்த நார்டு ஸ்ட்ரீம் 1 குழாய்க்கான விசையாழி ஒன்று, கனடாவில் பழுதுபார்த்து வந்து ஜெர்மனியின் மியூல்ஹைமில் கிடந்தது. ஆகஸ்ட் 3 அன்று சான்சலர் ஷோல்ஸ் அதன் பக்கத்திலேயே போய் நின்று, ரஷ்யா கேட்டால் உடனே அனுப்பலாம் என்றார். கேட்பாரில்லை. மாத முடிவில் அந்தக் குழாய் மூன்று நாள் பராமரிப்புக்கென்று நின்றது. பிறகு திறக்கவே இல்லை.

> அப்படியானால் ரஷ்யாவுக்கு நட்டமே இல்லையா? 'பரஸ்பரம்' அதைத்தானே சொல்கிறது?

உண்டு; அதையும் மடை சொல்லிவிடும். வடிகால் இல்லாமல் மடையை அடைத்தால் தலைமடைக்காரரின் குளமே கரை உடைக்கும். அதே கோடையில் குழாயின் ரஷ்ய முனையான போர்ட்டோவாயாவில் எரிவாயுவைச் சும்மா கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தீ பின்லாந்திலிருந்தே தெரிந்தது. ஜெர்மனிக்குப் போயிருக்க வேண்டிய வாயு என்று நிபுணர்கள் கணித்தார்கள்.

> எரிவாயு குழாயில் வருகிறது, சரி. காந்தங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் வேண்டிய, கப்பலில் வரும் அருமண் தனிமங்களுக்கு?

இன்னும் நன்றாகப் பொருந்தும். கலிபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கம் தோண்டியதைப் பல ஆண்டுகள் சீனாவுக்கு அனுப்பியே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. குளம் அமெரிக்காவில், மடை சீனாவில். 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகளுக்கருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானின் கடலோரக் காவல் கப்பல்களில் மோதிய தகராறில் சீனாவிலிருந்து அருமண் வரத்து தடைபட்டபோது ஜப்பான் இதைப் பட்டே தெரிந்துகொண்டது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் லைனஸ் என்ற அருமண் சுரங்க நிறுவனத்தில் பணம் போட்டு வேறு மடை தேடியது.

வினைக்கு 'மடையடைத்தல்' போதும். 'மடை நாடு' என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம். பிழைதிருத்துபவர் அதை 'மட நாடு' ஆக்கிவிட்டால் தூதரகத்துக்கு யார் பதில் சொல்வது?