குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவதைக் கட்டாயமாக்கலாமா?

கலைச்செல்வி
எங்கள் நகர் நலச்சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். புதிதாகக் கட்டும் தனி வீடுகளில் குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் தனிக் குழாய் போட்டு, அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். நாங்கள் இருப்பது சென்னைப் புறநகர். பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, எல்லாத் தண்ணீரும் செப்டிக் டேங்கில்தான் விழுகிறது. கோடையில் தண்ணீர் கொண்டுவர ஒரு லாரி, அதே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போக இன்னொரு லாரி. இரண்டுக்கும் பணம் கொடுக்கிறோம்.

நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு கணக்கு உண்டு. அதில் குளிக்க 55, துணி துவைக்க 20. நாலு பேர் உள்ள வீட்டில் இந்த இரண்டு மட்டும் 300 லிட்டர். மலம் கலக்காத இந்தத் தண்ணீரை மலக்குழியில் கொண்டுபோய் ஏன் விட வேண்டும்? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு கிடந்ததைப் பார்த்த பிறகும் இதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ரங்கராஜன்
மேடம், நான் சிவில் இன்ஜினியர். உங்கள் நோக்கம் நல்லது, தீர்மானத்தை எதிர்க்கிறேன்.

முதலில் இடம். உங்கள் பக்கம் பெரும்பாலும் அரை கிரவுண்டு மனை, அதாவது 30க்கு 40 அடி. வீடு போக மிஞ்சுவது பக்கவாட்டில் ஒரு சந்து. ஒரு வாழைக்குக் கோடையில் நாளுக்குச் சுமார் 20 லிட்டர் போதும். 300 லிட்டரைக் குடிக்க 15 வாழை வேண்டும், எங்கே வைப்பீர்கள்? மிச்சம் தேங்கும். தேங்கிய அழுக்குத் தண்ணீரில் கியூலெக்ஸ் கொசு முட்டையிடும், யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான்.

அடுத்தது கிணறு. செப்டிக் டேங்க் தண்ணீரை மண்ணில் இறக்கும் அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது விதி. உங்கள் மனையின் நீளமே 12 மீட்டர்தான். பக்கத்து வீட்டு போர்வெல் சுவரை ஒட்டியே இருக்கும்.

மண்ணையும் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் நடப்பது மேற்கு மாம்பலம், கே.கே. நகர் களிமண்ணில் நடக்காது. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் பாதி வீட்டு வாசலில் சகதிதான் மிஞ்சும்.

முத்துக்குமார், தென்காசி
ரங்கராஜன் சார், செப்டிக் டேங்க் விதியைக் குளிக்கிற தண்ணீருக்கு அப்படியே போடுவது சரியில்லை. அது மலக்கிருமி நிறைந்த தண்ணீர், ஆழமான குழியில் இறங்குவது. நாங்கள் சொல்வது மேல்மண்ணில், ஒன்றரை அடிக்குள், வேர் இருக்கிற இடத்தில் விடுவது. அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர் பெரும்பாலும் அந்த மேல் அடுக்கில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் துவைக்கிற கல்லிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விடுவார்கள். வழியில் சேம்பு, கல்வாழை, கடைசியில் வாழையும் தென்னையும். எங்கேயும் தேங்காது. வாழைக் கணக்கு மட்டும் போட்டீர்கள், தென்னையை விட்டுவிட்டீர்கள். கோடையில் ஒரு தென்னை அறுபது லிட்டர் வாக்கில் தாராளமாக எடுக்கும்.

ஆனால் கலைச்செல்வி அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாஷிங் பவுடர் தண்ணீர் வேறு விஷயம். பவுடரில் சலவை சோடா இருக்கிறது, அளவைக் கூட்டச் சோடியம் சல்பேட்டும் சேர்க்கிறார்கள். அந்தச் சோடியம் களிமண்ணில் வருடக்கணக்கில் சேர்ந்தால் மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. விவசாயி இதைத்தான் களர் நிலம் என்பான். பிறகு ஜிப்சம் போட்டுத்தான் மீட்க வேண்டும். முன்பு துவைத்தது பூந்திக்கொட்டையில், தலைக்குத் தேய்த்தது சீயக்காயும் அரப்பும். அந்தத் தண்ணீரை நம்பி எங்கும் விடலாம். இன்றைய தண்ணீரை அந்த நினைப்பில் விடக்கூடாது.

நஸ்ரின்
பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்து வீட்டையும் தோட்டத்தையும் வடிவமைக்கும் முறை, அந்த வகுப்புக்குப் போய்வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் இதைத் தொடங்கினார்கள். ஹோம்கிரென் வகுத்த கொள்கைகளில் முதலாவதே 'முதலில் இடத்தைக் கவனி' என்பது. 'சிறிதாக, மெதுவாகச் செய்' என்பதும் அதில் உண்டு. கட்டாயத் தீர்மானம் இந்த இரண்டுக்கும் எதிர்த்திசையில் போகிறது. சங்கம் ஒரே வரைபடம் போட்டு எல்லார் தலையிலும் கட்டினால் அது பெர்மாகல்ச்சர் இல்லை.

நான் இருப்பது அடுக்குமாடியில், எனக்குக் குழாயை மாற்ற வழியில்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறையில் ஊற்றவும் எடுத்துக்கொள்கிறேன். அதைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் கவனியுங்கள்: போர் தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் செறிந்து வருகிறது. தொட்டிச் செடியில் கொஞ்ச நாளில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும்.

கலைச்செல்வி
நஸ்ரின், மழைநீர் சேகரிப்பை 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோதும் இதே பேச்சுதான் வந்தது. கட்டாயம் இல்லாவிட்டால் பாதி வீடுகள் செய்திருக்காது. வீடு கட்டும்போது ஒரு குழாயைத் தனியாக இறக்கச் செலவு சொற்பம், கட்டி முடித்தபின் டைல்ஸை உடைத்துச் செய்ய வேண்டும். அதனால்தான் புது வீடு என்கிறேன்.

கொசுவைப் பற்றி: எங்கள் வீட்டில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. மெஷின் குழாய் போய் விழுவது ஓர் அடிக் குழியில். அடியில் தேங்காய் மட்டை, மேலே சருகும் வைக்கோலும் கனமாக மூடியிருக்கிறது. குழாய் முனையில் கட்டிய நைலான் வலையில் துணிப் பஞ்சு சாம்பல் நிறத்தில் கெட்டியாகப் படியும், அதைப் பிடுங்கி எறியாவிட்டால் தண்ணீர் மெஷினுக்கே திரும்பும். மட்டை மக்கி அமுங்கும்போது புதிதாகப் போட வேண்டும். வேலை இவ்வளவுதான். தொட்டியில் சேர்த்துவைக்கிறவர்கள்தான் நாற்றம் என்று புலம்புகிறார்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நாறத்தான் செய்யும்.

சமையலறைத் தொட்டியை நான் சேர்க்கவே இல்லை. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் குழியை அடைத்துவிடும்.

ரங்கராஜன்
மழைநீர் உதாரணம் எனக்குத்தான் சாதகம். விதி வந்தது, குழாயும் வந்தது, எத்தனை வீட்டில் அந்த வடிகட்டிக் குழியைத் தூர்வாருகிறார்கள்? மழைநீர்க் குழி தூர்ந்தால் மழை வெளியே ஓடும், அவ்வளவுதான். சோப்புத் தண்ணீர்க் குழி தூர்ந்தால் அடுத்த வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும். நீங்கள் வலையைப் பிடுங்குவீர்கள், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர் வருவாரா?

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. சாக்கடைக்குப் போனால் தண்ணீர் வீண் என்பது இப்போது முழு உண்மை இல்லை. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019 முதல் இருக்கின்றன. அங்கே ஆள் இருக்கிறார், பரிசோதனைக்கூடம் இருக்கிறது. சங்கம் போராட வேண்டியது பாதாளச் சாக்கடைக்கு.

முத்துக்குமார், தென்காசி
அது வரும்வரை லாரிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்களா சார்? சில லாரிகள் உறிஞ்சியதை ராத்திரியில் ஏரிக்கரையில் திறந்துவிடுவதும் நடக்கிறது. அதைவிட என் வாழைக்கடியில் சோப்புத் தண்ணீர் இறங்குவது எவ்வளவோ மேல்.

நஸ்ரின்
கலைச்செல்வி அக்கா, தீர்மானத்தை இப்படி மாற்றினால் என்ன? புது வீட்டில் தனிக் குழாய் மட்டும் கட்டாயம். அதைத் தோட்டத்தில் திறப்பதா, செப்டிக் டேங்கில் சேர்ப்பதா என்பது வீட்டுக்காரர் முடிவு. திறக்க நினைப்பவர் முதலில் ஒன்றரை அடிக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பார்க்கட்டும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த மண் இதற்கு ஆகாது.

கலைச்செல்வி
குழாய் கட்டாயம், மற்றது விருப்பம் என்றால் எனக்குச் சம்மதம். பூஜ்யத்தில் நிற்பதற்கு இது மேல். ஆனால் கட்டட வேலை நடக்கும்போதே சங்கத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்ற வரியை நான் எடுக்க மாட்டேன்.

ரங்கராஜன்
குழாய் வரை ஆட்சேபம் இல்லை. தோட்டத்தில் திறப்பதற்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது, கூட்டத்திலும் சொல்வேன். இரண்டு விஷயத்தை எழுத்தில் சேருங்கள். குழாயில் மூவழி வால்வு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும்போது தண்ணீரைத் திருப்பிவிட அது இல்லாமல் முடியாது. அப்புறம், குடிக்க எடுக்கும் கிணறோ போரோ பக்கத்து மனையில் இருந்தால் அந்த வீட்டுக்காரரின் ஒப்புதல் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.